சீட்டில் இல்லாத பெயர்கள்: அண்மையில் கேட்ட ஆறு ஜாஸ் பதிவுகள்



கடந்த சில வாரங்களாக, ஆய்வுப் பணி முடிந்த இரவுகளில், இந்தியாவோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்புடைய ஜாஸ் பதிவுகளை ஆண்டு வரிசையில் கேட்டு வருகிறேன். அவற்றுள் மனத்தில் நின்ற ஆறினை இங்கே பகிர்கிறேன். இது தரவரிசை அன்று. இசைத் திறனாய்வும் அன்று. மொழியியல் பயின்ற எனக்கு ஒரு பதிவைக் கேட்கும்போது அதனோடு வரும் எழுத்தையும் படித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. தட்டின் நடுவே ஒட்டிய வட்டச் சீட்டில் என்ன அச்சாகியிருக்கிறது, உறையின் பின்புறத்தில் யார் பெயர் உள்ளது, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்பவற்றைப் பார்ப்பேன்.

அவ்வாறு பார்த்தபோது ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தென்பட்டது. இந்திய ஜாஸின் வரலாற்றைச் சீட்டுகளை மட்டும் சான்றாகக் கொண்டு எழுதினால், வாசித்தவர்களுள் பெரும்பாலோர்க்கு அதில் இடமிராது. செவியையும் சான்றாகக் கொண்டால் அவர்களே அவ்வரலாற்றின் நடுவில் நிற்பார்கள். இந்த வேறுபாட்டைப் பற்றியதே இப்பதிவு.

சொல்லுக்கு முந்திய இசை

இச்சிக்கல் ஜாஸின் பிறப்பிலேயே இருக்கிறது. 'ஜாஸ்' என்ற சொல் முதலில் இசையைக் குறிக்கவில்லை. 1912ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நாளிதழ் ஒன்றில், பேஸ்பால் வீரர் ஒருவர் தாம் எறியும் பந்தைப் பற்றிப் பேசுகையில் அச்சொல்லை ஆண்டிருப்பது அகராதியியலார் காட்டும் தொடக்கச் சான்றுகளுள் ஒன்று. 1913இல் சான் பிரான்சிஸ்கோ விளையாட்டுச் செய்திகளில் அது ஊக்கம், துடிப்பு என்னும் பொருளில் வருகிறது. 1915 அளவில் சிகாகோவில்தான் ஒருவகை இசைக்குப் பெயராகிறது. அப்பெயர் தாங்கிய முதல் தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவாயிற்று. அதை வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஐந்து வெள்ளையர். குழுவின் பெயர் ஒரிஜினல் டிக்சிலேண்ட் ஜாஸ் பேண்ட். அந்நகரின் கறுப்பின இசைஞர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வளர்த்துவந்த இசைக்கு, ஆவண வரலாற்றில் முதல் உரிமை வேறொருவர் பெயரில் பதிவானது. ஒரு வழக்கின் வயதும் அதன் முதல் எழுத்துச் சான்றின் வயதும் ஒன்றல்ல என்பது மொழி வரலாறு பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். அது இசைத்தட்டுக்கும் பொருந்தும்.

அரக்கு

பதிவுகளுக்குச் செல்லுமுன் தட்டைப் பற்றி ஒரு சொல். 'ஜாஸ் இந்தியாவுக்கு வந்தது' என்று எழுதுவது வழக்கம். ஆனால் ஜாஸ் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே இந்தியா ஜாஸுக்குள் இருந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் ஷெல்லாக் கலவையால் ஆனவை; அரக்கோடு கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்தி வார்க்கப்பட்டவை. உலகச் சந்தைக்குச் சென்ற அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, குறிப்பாகச் சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்து சென்றது. புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. அதைக் கிளையிலிருந்து சுரண்டிச் சேகரித்தவர்கள் முண்டா, உராவ்ன் முதலிய பழங்குடி மக்கள். உராவ்ன் மக்கள் பேசும் குடுக் மொழி தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது இங்குள்ள மாணவர்கள் அறிந்ததே.

லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1920களில் சிகாகோவில் பதிவு செய்த தட்டுகளைக் கையிலேந்திய ஒருவர், அநேகமாக அக்காட்டுப் பிசினையும் சேர்த்தே ஏந்தியிருக்கிறார். இது எத்துணை இன்றியமையாத பொருள் என்பது போர்க்காலத்தில் தெரிந்தது. கடல்வழி தடைப்பட்டபோது, 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான ஷெல்லாக் பயன்பாட்டை 70 விழுக்காடு குறைக்க ஆணையிட்டது. பாரதக் கதையின் அரக்கு மாளிகையை நாம் அறிவோம். உலகின் பதிவிசை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அரக்கிலேயே குடியிருந்தது. அதைக் கட்டியவர்களின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை.

1. 'தாஜ் மஹால்', பம்பாய், 1936

பம்பாயின் தாஜ் மஹால் ஓட்டலுக்கு 1935இன் இறுதியில் வயலின் இசைஞர் லியோன் அபே தலைமையில் ஆப்பிரிக்க அமெரிக்கக் குழு ஒன்று வந்தது. அடுத்த ஆண்டில் அங்கே தலைமையேற்றவர் அக்குழுவின் ட்ரம்பெட் இசைஞர் கிரிக்கெட் ஸ்மித். 'சிம்ஃபோனியன்ஸ்' என்ற பெயரில் இயங்கிய அவரது குழு 1936இல் பதிவு செய்த ஃபாக்ஸ்ட்ராட் நடன இசைதான் 'தாஜ் மஹால்'. தலைப்பு ஆக்ராவின் கல்லறையை நினைவூட்டினாலும் இசை ஓட்டலின் நடன அரங்கிற்கானது. இயற்றியவர் மேனா சைலஸ், பாக்தாத் யூத மரபினர்.

மூன்றே நிமிட இசை. மேலோட்டமாகக் கேட்டால் அக்காலத்து நடனக் குழுக்களின் வழக்கமான வாசிப்பு. ஆனால் ட்ரம்பெட்டைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று அறிந்தபின் கேட்டால் வேறாக ஒலிக்கிறது. 1913 டிசம்பரில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் இசைக்குழு நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்திற்காகப் பதிவு செய்தபோது அதில் கார்னெட் வாசித்தவர் இதே கிரிக்கெட் ஸ்மித். அந்த இசைக்கு ஜாஸ் என்ற பெயர் ஏற்படுவதற்கு முன்பே அவர் அதன் அண்டை இசையைத் தட்டில் ஏற்றியிருந்தார். அதன்பின் 20 ஆண்டுகள் கடந்து, ஒரு குடியேற்ற நாட்டின் கடற்கரை ஓட்டலில், யூதர் ஒருவர் எழுதிய மெட்டை, விருந்தினர் ஆடுவதற்காக வாசிக்கிறார். சீட்டில் இருப்பது ஒரு பெயர் மட்டும். அப்பெயருக்குப் பின்னால் ஜாஸின் முன்வரலாறு முழுதும் இருக்கிறது.

1930களில் இந்தியாவுக்கு வந்து வாசித்த மற்றொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். கிளாரினெட் இசைஞர் ரூடி ஜாக்சன் அதற்கு முன் டியூக் எலிங்டனின் குழுவில் இருந்தவர். எலிங்டன் 1927இல் பதிவு செய்த 'கிரியோல் லவ் கால்' தட்டில் இயற்றியோர் வரிசையில் ஜாக்சன் பெயரும் உண்டு. ஆனால் அதன் மெட்டு கிங் ஆலிவர் 1923இல் பதிவு செய்த 'கேம்ப் மீட்டிங் ப்ளூஸ்' என்பதிலிருந்து வந்தது. ஆலிவர் உரிமை கேட்டு முறையிட்டார். சீட்டு பெயரை மறைப்பதோடு சிலசமயம் பிறர் உழைப்பின்மேல் பெயர் சூட்டவும் செய்கிறது என்பதற்கு இது சான்று.

2. டெடி வெதர்ஃபோர்டின் கல்கத்தாத் தட்டுகள், 1940களின் தொடக்கம்

பியானோ இசைஞர் டெடி வெதர்ஃபோர்ட் 1903இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1926 மே மாதம் சிகாகோவில் எர்ஸ்கின் டேட்டின் குழு இரண்டு பாடல்களைப் பதிவு செய்தது. அவற்றில் ட்ரம்பெட் பகுதியில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் பியானோவில் வெதர்ஃபோர்டும் உள்ளனர். அதே ஆண்டு அவர் ஆசியாவுக்குப் புறப்பட்டார். ஷாங்காயில் பல்லாண்டு வாசித்தார். அங்கே அவரைச் சந்தித்ததைக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின் பம்பாய், கொழும்பு என்று சென்று, போர்க்காலத்தில் கல்கத்தாவின் கிராண்ட் ஓட்டலில் நிலைகொண்டார். அக்காலத்தில் கொலம்பியா முத்திரையில் அவரது குழு வெளியிட்ட தட்டுகளையே நான் கேட்டேன்.

சீட்டில் 'டெடி வெதர்ஃபோர்டும் அவரது குழுவும்' என்று மட்டும் இருக்கும். அந்த 'அவரது குழு' என்ற தொடருக்குள் ஒரு கண்டமே அடங்கியிருந்தது. ஜப்பானியப் படையெடுப்பால் ரங்கூனிலிருந்து வெளியேறி வந்த பர்மிய இசைஞர்கள், கோவா இசைஞர்கள், ஆங்கிலோ இந்தியர், நேபாளிகள் எனக் கல்கத்தா அப்போது இசைஞர்களின் புகலிடமாயிருந்தது. ரங்கூனிலிருந்து வந்தவர்களுள் கிளாரினெட் இசைஞர் ரூபன் சாலமனும் கிதார் இசைஞர் செட்ரிக் வெஸ்டும் குறிப்பிடத்தக்கவர்கள். இந்நகரில் ட்ரம்பெட் வாசித்துவந்த நேபாளி ஒருவர் ஜார்ஜ் பேங்க்ஸ் என்று அறியப்பட்டார். அவரது இயற்பெயர் புஷ்கர் பகதூர். ஆங்கிலேயக் கேட்போர் நாவுக்கு எளிதாகும்படி பெயர் மாறியது. டார்ஜிலிங்கில் 1941இல் பிறந்த அவர் மகன் டம்பர் பகதூர், ஆர்ம்ஸ்ட்ராங்கின் நினைவாக லூயி பேங்க்ஸ் ஆனார். இந்திய ஜாஸின் தலைமைப் பியானோ இசைஞராக இன்று நாம் அறிவது அவரைத்தான்.

இத்தட்டுகளின் உற்சாகமான நடையை நான் எளிதாகக் கேட்டுக் கடக்க இயலவில்லை. ஓட்டலுக்குள் படைவீரர்கள் நடனமாடிய அதே ஆண்டுகளில், 1943இல், வங்கத்தைப் பஞ்சம் வாட்டியது. ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படும் அப்பஞ்சத்தில் உணவு தேடி வந்தவர்கள் இந்நகரின் நடைபாதைகளில் இறந்தனர். இசை அதைச் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் அதைக் கேட்கவுமில்லை. ஆனால் அந்நகரின் நோய் ஓட்டல் சுவர்களுக்கு வெளியிலேயே நின்றுவிடவில்லை. 1945 ஏப்ரலில் வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் காலராவுக்குப் பலியானார். வயது 41. 1926இல் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு இணையாக ஒலித்த பியானோவின் இறுதிப் பதிவுகள் இந்தியாவில் வெளியான தட்டுகளில் எஞ்சியிருக்கின்றன. அமெரிக்க ஜாஸ் வரலாற்று நூல்கள் பலவற்றில் அவருக்குக் கிடைப்பது ஓரிரு வரிகளே.

3. 'அல்பேலா' திரைப்பாடல்கள், பம்பாய், 1951

போருக்குப் பின்னும் நாடு விடுதலை பெற்ற பின்னும் ஓட்டல்களின் ஐரோப்பியக் கேட்போர் குறைந்தனர். அதற்குள் பம்பாயின் குழுக்கள் பெரிதும் கோவா இசைஞர்கள் கைக்கு வந்திருந்தன. தாஜ் ஓட்டலில் 1939 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் குழுவை நடத்தியவர் மிக்கி கொரேயா. போர்ச்சுகீசிய ஆட்சியிலிருந்த கோவாவில், தேவாலயங்களை ஒட்டிய பள்ளிகள் சிறுவர்களுக்கு மேலை இசையையும் அதன் கோட்டுக் குறியீட்டையும் கற்பித்தன. அவ்வாறு கற்றவர்கள் வேலை தேடிப் பம்பாய்க்கு வந்து, மாலையில் ஓட்டல்களிலும் பகலில் திரைப்படப் பதிவுக்கூடங்களிலும் வாசித்தனர்.

அவர்களுள் ஒருவர் கோவாவின் அல்டோனாவைச் சேர்ந்த அந்தோனியோ சேவியர் வாஸ். அவரை அப்பெயரில் அறிந்தோர் குறைவு. மேடையில் அவர் 'சிக் சாக்லேட்'. இந்தியாவின் ஆர்ம்ஸ்ட்ராங் என்று புகழப்பட்ட ட்ரம்பெட் இசைஞர். சி. ராம்சந்திரா இசையமைத்த 'அல்பேலா'வில் அவரும் குழுவினரும் இசைத்ததோடு ஒரு பாடற்காட்சியில் திரையிலும் தோன்றுகின்றனர். அப்படத்தின் 'ஷோலா ஜோ பட்கே' பாடலை நம்மில் பலர் கேட்டிருப்போம். அடுத்த முறை கேட்கையில் பாடும் குரல்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, அவற்றுக்கிடையே வந்துபோகும் பித்தளைக் கருவிகளைக் கேட்டுப் பாருங்கள். இரவு நேர நடன அரங்கின் மொழி பகல்நேரத் திரையிசைக்குள் எவ்வாறு புகுந்தது என்பது தெரியும்.

இங்கே மொழியியல் மாணவரின் கருத்தில் படவேண்டிய ஒரு செய்தி உண்டு. அக்கால இந்தித் திரையிசையமைப்பாளர்களுள் பலர் மெட்டைப் பாடிக் காட்டுவார்கள், அல்லது ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவார்கள். அதைக் கேட்டுக் கோட்டுக் குறியீட்டில் எழுதி, ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைப் பிரித்து, இடையிசையையும் ஒத்திசைவையும் அமைத்துக் கொடுத்தவர்கள் 'அரேஞ்சர்' எனப்பட்ட இசைக்கோப்பாளர்கள். ஓ. பி. நய்யார், சங்கர்–ஜெய்கிஷன் ஆகியோர்க்குப் பணியாற்றிய செபாஸ்டியன் டிசோசா அவர்களுள் தலைசிறந்தவர். அதாவது பதிவுக்கூடத்தில் எழுத்தறிவு இருந்தது இவர்களிடம்தான். ஆயினும் தட்டின் சீட்டில் படத்தின் பெயர், பாடகர் பெயர், இசையமைப்பாளர் பெயர் ஆகியன மட்டுமே அச்சாயின. எழுதத் தெரிந்தவர்களின் பெயர்தான் எழுதப்படவில்லை. எழுத்தறிவு அதிகாரத்தைத் தரும் என்று நாம் பொதுவாகச் சொல்வதை இவ்விடத்தில் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுத்து ஊழியமாகக் கருதப்படும் இடத்தில் எழுதுபவருக்கு ஆக்கியோன் என்னும் நிலை கிட்டுவதில்லை. ஏடு பெயர்த்து எழுதியோரின் நிலையும் நம்மிடையே பெரும்பாலும் இதுவாகவே இருந்தது.

வயலின் இசைஞரும் இசைக்கோப்பாளருமான ஆண்டனி கொன்சால்வஸின் கதை இதற்கு ஒரு முரண்நகையான பின்னிணைப்பு. ராகங்களை மேலை இசைக்குழுவுக்காக எழுதி அரங்கேற்றிய முன்னோடி அவர். லட்சுமிகாந்த்–பியாரேலால் இணையரில் பியாரேலால் அவரிடம் வயலின் கற்றவர். 1977இல் வெளியான 'அமர் அக்பர் ஆண்டனி'யில் மாணவர் தம் ஆசிரியரின் பெயரை ஒரு பாடலின் முகப்பாக்கினார். அப்பெயர் நாடெங்கும் ஒலித்தது. ஆனால் அது ஓர் உண்மை மனிதரின் பெயர் என்பதை அறியாமலேயே கோடிக்கணக்கானோர் அதைப் பாடினர். பெயர் பரவியது, பெயருக்குரியவர் பரவவில்லை. 2012இல் அவர் மறைந்தபோது பலருக்கு அதுவே அவரைப் பற்றிய முதற்செய்தி.

4. 'ராக ஜாஸ் ஸ்டைல்', பம்பாய், 1968

சங்கர்–ஜெய்கிஷன் பெயரில் 1968இல் வெளியான இந்நெடுந்தட்டில் தோடி, பைரவ், மால்கௌன்ஸ், கலாவதி, சிவரஞ்சனி உள்ளிட்ட ராகங்களில் 11 உருப்படிகள். பாடகர் இல்லை, காட்சி இல்லை. திரைப்படத்தின் தேவைகளிலிருந்து விடுபட்ட பதிவுக்கூட இசைஞர்கள் என்ன செய்யக்கூடியவர்கள் என்பதை இதில் கேட்கலாம். சிதாரில் ரைஸ் கான், சாக்ஸஃபோனில் மனோகரி சிங், ட்ரம்பெட்டில் ஜான் பெரேரா, பியானோவில் லூசிலா பச்சேகோ, டிரம்ஸில் லெஸ்லி கோடினோ. ஆயிரக்கணக்கான திரைப்பாடல்களில் நாம் பெயரறியாமல் கேட்ட விரல்களும் மூச்சும் இவை. இங்கு வாசித்தோர் யார் யார் என்பதை நாம் அறிகிறோம். லூசிலா பச்சேகோவின் பெயரை நான் தனித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆண்களே நிறைந்த இசைக்குழு வரிசையில் நிலைத்துநின்ற பெண் இசைஞர் அவர்.

உருப்படிகள் குறுகியவை. ராகத்தை ஆழ்ந்து விரிப்பதற்கும் ஜாஸ் மனோதர்மம் முழுமையாகத் திறப்பதற்கும் நேரம் போதவில்லை. ஆயினும் மால்கௌன்ஸில் சிதாரும் சாக்ஸஃபோனும் ஒன்றின் தொடரை மற்றொன்று எடுத்துப் பேசும் இடங்கள் இக்குறையை மறக்கச் செய்கின்றன.

5. ஆலிஸ் கோல்ட்ரேன்: 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971

இதுவரை அமெரிக்க இசை இந்தியாவில் ஒலித்ததைக் கண்டோம். அடுத்தது எதிர்த்திசைப் பயணம். ஜான் கோல்ட்ரேன் 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் அரங்கில் 'இந்தியா' என்ற உருப்படியை வாசித்தார். அது 1963இல் தட்டாக வந்தது. ரவிசங்கரின்மேல் அவர் கொண்டிருந்த மதிப்பால் 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். டார்ஜிலிங்கில் ஒரு நேபாளச் சிறுவன் லூயி ஆனதையும் நியூயார்க்கில் ஓர் அமெரிக்கச் சிறுவன் ரவி ஆனதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இவ்விசை உறவின் இரு முனைகளும் தெரிகின்றன.

கோல்ட்ரேன் 1967இல் மறைந்தார். அத்துயரிலிருந்து மீளும் வழியில் ஆலிஸ் கோல்ட்ரேன் சுவாமி சச்சிதானந்தரை நாடினார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் பிறந்த சச்சிதானந்தர், 1969இல் உட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில் உரையாற்றியவர். அவர் பெயர் தாங்கிய இத்தட்டு 1970இல் பதிவாகி 1971இல் வெளியாயிற்று. செசில் மெக்பீயின் பேஸ் ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப மீட்ட, அதற்குமேல் ஆலிஸின் ஹார்ப் அலையலையாக விரிய, ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸஃபோன் அழைத்துக்கொண்டே இருக்கிறது. இவை அனைத்தையும் தாங்கி நிற்பது தம்பூரா. இந்த ஆறினுள் நான் மிகுதியும் திரும்பக் கேட்டது இதுவே.

இதில் வாசித்தோர் பட்டியலில் தம்பூராவுக்கு எதிரே 'துளசி' என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. மற்றவர்களுக்கு முழுப்பெயர். தம்பூரா வாசிப்பவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாத வழக்கம் நம் கச்சேரி மேடைகளிலும் நெடுங்காலம் இருந்தது. சுருதி இல்லாமல் எதுவும் இல்லை என்று சொல்லும் மரபிலேயே சுருதி பிடிப்பவர் பெயரற்றிருந்தார். அந்த நோக்கில், ஒற்றைச் சொல்லாயினும் அச்சேறியது ஒரு நற்செயலே.

6. 'ஜோதி', 1983

ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட இத்தட்டில் அமெரிக்க சாக்ஸஃபோன் இசைஞர் சார்லி மாரியானோவோடு பெங்களூரைச் சேர்ந்த கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவினர் இணைந்துள்ளனர். மாரியானோ மலேசியாவில் பணியாற்றியபோது நாகசுரத்தில் ஈடுபாடு கொண்டு, பின்னர் இந்தியாவுக்கு வந்து அதைப் பயின்றவர். பாட்டு ஆர். ஏ. ரமாமணி, மிருதங்கம் டி. ஏ. எஸ். மணி, கடமும் கொன்னக்கோலும் ஆர். ஏ. ராஜகோபால், கஞ்சிரா டி. என். சசிகுமார். அனைவர் பெயரும் கருவியோடு அச்சாகியிருக்கின்றன.

எனக்கு இதில் பிடித்தது கொன்னக்கோல் வரும் இடங்கள். பொருளற்ற அசைகள் தாளத்தின் இலக்கணத்திற்குக் கட்டுப்பட்டு வாக்கியங்களாகின்றன. ஜாஸிலும் 'ஸ்காட்' என்னும் சொல்லற்ற பாடுமுறை உண்டு. ஆனால் அது கருவியின் மெட்டைக் குரலில் பிடிப்பது. கொன்னக்கோலோ கருவிக்கு முன்பே அமைந்த சொல்முறை. மிருதங்கம் பயில்பவர் முதலில் வாயால் சொல்லிப் பின்பே கையால் வாசிக்கிறார். இரண்டும் ஒரே அறையில் சந்திக்கும்போது எது எதைப் பின்பற்றுகிறது என்று பிரித்தறிய முடியாத கணங்கள் சில தோன்றுகின்றன. கலப்பிசை என்ற பெயரில் வரும் பலவற்றில் கிடைக்காத கணங்கள் அவை.

பெயரிடும் மரபு

ஆறு பதிவுகளையும் கேட்டபின் எனக்கு நினைவுக்கு வந்தது சங்க நூல்களைத் தொகுத்தோரின் ஒரு செயல். பாடல் கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் அவ்விடத்தை வெறுமையாக விடாமல், பாடலிலேயே ஒளிர்ந்த ஒரு தொடரை எடுத்துப் புலவருக்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார். பெயர் தெரியவில்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது என்ற தெளிவு அச்செயலில் இருக்கிறது. கிடைத்த ஒலியிலிருந்தே ஒருவரை அடையாளப்படுத்தி, அவருக்கு உரிய இடத்தை அவர்கள் காத்தனர்.

ஜாஸ் ஆய்வாளர்களும் இதையொத்த பணியையே செய்கின்றனர். சீட்டில் பெயரில்லாத பழந்தட்டில் ஒரு ட்ரம்பெட் தொடரைக் கேட்டு, மூச்சு எடுக்கும் இடத்தையும் சுரத்தை வளைக்கும் விதத்தையும் பிற பதிவுகளோடு ஒப்பிட்டு, இன்னார் என்று முடிவுசெய்கின்றனர். இந்தியாவில் இப்பணியில் பெரும்பகுதியை நரேஷ் ஃபெர்னாண்டஸ் பம்பாய் ஜாஸைப் பற்றியும், கிரிகரி பூத் திரையிசைக் கலைஞர்களைப் பற்றியும் எழுதிய நூல்கள் செய்திருக்கின்றன. இருவரும் வயது முதிர்ந்த இசைஞர்களை நேரில் கண்டு கேட்டு எழுதினர். அவர்களிடம் பேசிய பலர் இன்று இல்லை. எஞ்சியிருப்பவை குடும்பங்களிடமுள்ள நிழற்படங்கள், கையெழுத்துக் குறியீட்டுத் தாள்கள், நாட்குறிப்புகள். வீடு மாற்றும்போது இவைதான் முதலில் பழைய பேப்பர்க்காரரிடம் போகின்றன.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஆய்வுக் கட்டுரையில் ஒரு பாடலையோ இசைப் பதிவையோ மேற்கோள் காட்டும்போது, இசையமைப்பாளர் பெயரோடு நிறுத்தாமல், தெரிந்த அளவில் வாசித்தோர், இசைக்கோப்பாளர் பெயர்களையும் எழுதுங்கள். நம் துறைகளின் மேற்கோள் முறைகள் அதற்கு இடம் தராவிட்டால் அடிக்குறிப்பில் எழுதுங்கள். அடுத்து, உங்கள் ஊரில் திருமணக் குழுவிலோ, தேவாலயத்திலோ, ரயில்வே விடுதியின் நடன அரங்கிலோ, பதிவுக்கூடத்திலோ வாசித்த முதியவர் எவரேனும் இருந்தால், அவரிடம் ஒரு பிற்பகல் உட்கார்ந்து, யாரோடு வாசித்தார் என்று கேட்டுப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதிகள் பிழையாயிருக்கலாம், பின்னர் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். பெயர் தவறிப்போனால் ஒப்பிடுவதற்கு எதுவும் இராது.

இந்த ஆறினுள் ஒன்றை மட்டும் கேட்க நேரமிருப்பவர்கள் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வில் தொடங்கலாம். முதல் முறை ஹார்ப்பைக் கேளுங்கள். இரண்டாம் முறை தம்பூராவை மட்டும் கேளுங்கள். நீங்கள் அண்மையில் கேட்டவற்றையும், அவற்றில் வாசித்தோர் பெயர்களையும் கீழே பகிர்ந்தால் மகிழ்வேன்.